சட்டியை எப்போது கழற்றுவது?

காரைக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு தையல் இயந்திரமும் மூன்று கூண்டுகளும் இருக்கின்றன. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களில் பாதிப் பேர் வந்த வேலையை மறந்து கூண்டருகே நின்றுவிடுவார்கள். "எப்படி அக்கா குஞ்சு பொரிக்க வைத்தீர்கள்?" என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஒன்பது ஆண்டுகளாக ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் சின்னக் கூண்டுக் குருவிகளை வளர்க்கிறேன். அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் சுருக்கமானது: நல்ல ஜோடியாகப் பார்த்து, கூடு வைக்க ஒரு சட்டியைக் கட்டி, வயிறு நிறையத் தினை கொடுங்கள், மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். எப்போது நிறுத்துவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் முதல் பெட்டையை நான் இழந்தது அந்த ஒன்று தெரியாததால்தான். ஆகவே இங்கே எல்லாவற்றையும் சொல்வேன், ஆனால் அதை அழுத்திச் சொல்வேன்.

முதலில் எந்தப் பறவை என்பது. தொடங்குபவர்களுக்கு ஜீப்ரா ஃபிஞ்ச் போதும். பெங்காலி ஃபிஞ்சும் சாதுவானது. மற்றப் பறவையின் முட்டையைக்கூட அடைகாத்து வளர்த்துவிடும். பல வண்ணக் கௌல்டியன் ஃபிஞ்ச் கண்ணைப் பறிக்கும், ஆனால் விலையும் அதிகம், பக்குவமும் அதிகம் வேண்டும். இரண்டு ஆண்டு அனுபவம் வந்த பிறகு யோசியுங்கள். சந்தையில் 'நாட்டு ஃபிஞ்ச்' என்று சொல்லிச் சில்லைக் குருவிகளைக் காட்டுவார்கள். சில நேரம் சாயம் பூசியும் வைத்திருப்பார்கள். அவை நம் வயல்களில் வலைவிரித்துப் பிடிக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பாவப்பட்டு வாங்கினாலும், வலை விரித்தவனுக்கு அது வியாபாரம்தான். ஜீப்ரா ஃபிஞ்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை; நம் ஊரில் விற்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்தவை. ஜாவா குருவி வாங்குவதாக இருந்தால் மட்டும் கவனம்: அது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) இருப்பதால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

ஜீப்ராவில் ஆண், பெட்டை அடையாளம் காண்பது சுலபம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, கழுத்தில் மெல்லிய வரிகள், மார்பில் கறுப்புப் பட்டை, விலாவில் செம்பழுப்பின்மேல் வெண்புள்ளிகள் இருக்கும். பெட்டைக்கு இவை எதுவும் கிடையாது. சாம்பல் நிற உடம்பு. முழு வெள்ளையாக இருந்தால் அலகைப் பாருங்கள்: ஆணுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு வெளிறிய ஆரஞ்சு. அதுவும் குழப்பினால் கால்மணி நேரம் காத்திருங்கள். பாடுவது ஆண் மட்டும்தான்.

கடைக்காரர் கையை விட்டு இரண்டைப் பிடித்து 'இதோ ஜோடி' என்று கொடுப்பது ஜோடியாகாது. முடிந்தால் ஆறு பறவைகளாக வாங்கிப் பெரிய கூண்டில் விட்டு, யார் யாரோடு ஒட்டி உட்கார்ந்து கழுத்தைக் கோதிவிடுகிறார்கள் என்று இரண்டு வாரம் பாருங்கள். இது என் கண்ணால் கண்டது மட்டுமல்ல. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், தாமே துணை தேடிக்கொண்ட ஜீப்ரா ஜோடிகள், பிறர் சேர்த்துவைத்த ஜோடிகளைவிட 37 சதவீதம் அதிகக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கின என்று கண்டார்கள். ஆறு வாங்க வசதியில்லை என்றால், கடையிலேயே அரைமணி நேரம் நின்று, ஏற்கெனவே ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டைக் காட்டிக் கேளுங்கள். இறகைச் சிலிர்த்துப் பந்தாக உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, மலவாயில் எச்சம் ஒட்டியிருப்பது, தொண்டையில் 'டிக் டிக்' என்ற ஓசை வருவது, இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பறவை வேண்டாம். அதே கூண்டிலிருந்து வேறொன்றும் வேண்டாம்.

கூண்டுக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். ஃபிஞ்ச் கிளிபோல் கம்பியைப் பிடித்து ஏறாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கும். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபுரம்போல் உயர்ந்த வட்டக் கூண்டுகள் அழகுக்குத்தான் ஆகும். வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. பெரிதானால் தலை மாட்டிக்கொள்ளும், எலி உள்ளே வரும். துத்தநாகம் பூசிய புதுக் கம்பிவலையை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பறவையை விடுங்கள். உட்காரக் கடைக் குச்சி வேண்டாம். கொய்யாக் கிளையும் வேப்பங்கிளையும் சுண்டுவிரல் தடிமனில், ஒரே அளவாக இல்லாமல், வெட்டி மாட்டினால் காலுக்கு நல்லது. மொட்டை மாடியில் திறந்தவெளியில் வைக்காதீர்கள். காகம் கம்பி வழியாகவே காலைப் பிடித்து இழுத்துவிடும்.

எறும்பைப் பற்றி எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. கண் திறக்காத குஞ்சுகள் இருக்கும் சட்டிக்குள் செவ்வெறும்பு ஒரே இரவில் ஏறிவிட்டால் விடியும்போது எதுவும் மிஞ்சாது. கூண்டைத் தாங்கும் மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். மேசை சுவரைத் தொடக்கூடாது. தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

இனி தீனி. தோல் நீக்காத தினைதான் அடிப்படை. அதோடு பனிவரகு, சாமை, குதிரைவாலி கலந்துகொள்ளலாம். மளிகைக் கடையில் நாம் பொங்கலுக்கு வாங்கும் தினை தோல் நீக்கியது. அதைக் கொடுக்காதீர்கள், சத்தும் குறைவு, பறவைக்கு உரிக்கும் வேலையும் இல்லாமல் போகும். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

இங்கே ஒன்றை நின்று சொல்ல வேண்டும். இரண்டாவது ஆண்டில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் தேவகோட்டை போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, "கிண்ணம் குறைந்தால் மட்டும் தினை போடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பறவைகள் தரையில் கிண்டிக்கொண்டிருந்தன, பாட்டே இல்லை. கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. "குறையவே இல்லை அக்கா" என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. நான் குனிந்து ஒருமுறை ஊதினேன். அத்தனையும் உமி. பொன்னிறமாய்ப் பறந்து தாழ்வாரமெங்கும் பரவியது. அடியில் பத்துப் பதினைந்து மணிகள்கூட இல்லை. ஃபிஞ்ச் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் முழுத் தினை போலவே இருக்கும். அவ்வளவு சிறிய உடம்பு ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. அன்று எதுவும் சாகவில்லை என்பது என் அதிர்ஷ்டம். தினமும் காலையில் கிண்ணத்தை வெளியே எடுத்து ஊதுங்கள். யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போனால், ஊதிக் காட்டிவிட்டுப் போங்கள்.

தினையோடு கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் தொங்க வேண்டும். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து அதிலிருந்து கிடைக்கும். கிடைக்காவிட்டால் கோழிமுட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து நொறுக்கிக் கொடுக்கலாம். வாரத்தில் மூன்று நாள் கொத்தமல்லித் தழை அல்லது முருங்கைக்கீரை, நன்றாகக் கழுவியது. சட்டி கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, வேகவைத்த முட்டையை மசித்து ஒரு தேக்கரண்டி. முளைகட்டிய தினை குஞ்சுகளுக்கு அமிர்தம், ஆனால் நம் வெயிலில் மூன்று மணி நேரத்துக்குமேல் கிண்ணத்தில் விட்டால் புளித்துவிடும். அவகாடோ நஞ்சு, சாக்லேட்டும் உப்புப் பண்டமும் கூடவே கூடாது. குடிக்கும் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குளிக்கத் தனியாக ஓர் அகலமான மண்தட்டு வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு நான் தட்டில் நீர் ஊற்றும் சத்தம் கேட்டாலே வரிசையாக வந்து நிற்கும்.

இப்போது சட்டி. பக்கவாட்டில் வாய் வைத்த சின்ன மண்கலயம்தான் சிறந்தது. மரப்பெட்டியைவிடக் குளிர்ச்சி, கழுவிக் காயவைப்பதும் சுலபம். கூண்டின் மேல்மூலையில் ஆடாமல் கம்பியால் கட்டுங்கள். ஒரே கூண்டில் இரண்டு ஜோடி இருந்தால் நான்கு சட்டிகளை ஒரே உயரத்தில் கட்டுங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் மேலே இருப்பதற்குச் சண்டைதான். கூடு கட்டக் காய்ந்த அருகம்புல்லும், விரல் நீளத்துக்கு வெட்டிய தேங்காய் நாரும் கொடுங்கள். நீள நார் வேண்டாம். நூல், துணிப்பிசிறு, பஞ்சு எதுவுமே வேண்டாம்.

நூலின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தையல்காரி வீட்டில் தரையெல்லாம் நூல்தான். ஒரு நாள் பதினான்கு நாள் குஞ்சு ஒன்று மற்றவற்றைப்போல் நிமிர்ந்து வாயைத் திறக்காமல் சட்டியின் அடியோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், ஆரஞ்சு நிறப் பாலியெஸ்டர் நூல் இடது காலில் நான்கு சுற்றுச் சுற்றிச் சதைக்குள் இறங்கியிருந்தது. தாய் எங்கோ என் காலடியிலிருந்து பொறுக்கிக் கூட்டில் வைத்திருக்கிறது. எம்பிராய்டரிக் கத்தரியின் நுனியை நூலுக்கும் தோலுக்கும் இடையில் நுழைத்து ஒவ்வொரு சுற்றாக அறுத்தேன். கால் பிழைத்தது, பின்விரல் ஒன்று கறுத்து உதிர்ந்துபோனது. அந்தப் பெட்டை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. கிளையில் உட்காரும்போது சற்றுச் சாய்ந்து உட்காரும். அதன்பிறகு கூண்டின் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குப் பிளாஸ்டிக் தகடு கட்டிவிட்டேன்.

ஆறு மாதம் ஆகாத பறவைக்குச் சட்டி கட்டாதீர்கள். ஒன்பது மாதம் ஆகியிருந்தால் இன்னும் நல்லது. மூன்று மாதத்திலேயே முட்டையிடும் பக்குவம் வந்துவிடும், ஆனால் உடம்பு தாங்காது. முட்டை விழத் தொடங்கியதும் கூட்டுப்பொருளை எல்லாம் அப்புறப்படுத்துங்கள். விட்டுவைத்தால், போட்ட முட்டைகளின்மேலேயே புல்லை அடுக்கி, அதன்மேல் புதிதாக முட்டையிடும். கீழே உள்ளவை அத்தனையும் கூமுட்டைதான். தினம் ஒன்றாக நான்கு முதல் ஆறு முட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு கிராம்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது முட்டைக்குப் பிறகே சரியாக அடையில் உட்காரும். பகலில் ஆணும் பெட்டையும் முறைவைத்து உட்காரும். அடை தொடங்கிய தேதியைச் சட்டியின் வெளிப்புறத்திலேயே துணியில் கோடு போடும் சாக்கட்டியால் எழுதிவைப்பேன். காலண்டர் கிழிந்து போகும், சட்டி அங்கேயே இருக்கும். ஆறாம் நாள், பறவை தானாகத் தீனிக்கு இறங்கும் நேரமாகப் பார்த்து, கைபேசி விளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்தால், உள்ளே சிவப்பு நரம்பு ஓடுவது தெரியும். தெரியாவிட்டால் கூமுட்டை; ஆனாலும் குஞ்சு பொரியும்வரை அதையும் அங்கேயே விட்டுவைக்கலாம். 12 முதல் 14 நாளில் பொரியும்.

பொரித்த குஞ்சு ஒரு கிராம்கூட இருக்காது. தோல் சிவந்து, கண் மூடி, ஒரு பயறுபோல் கிடக்கும். முதல் நாள் சத்தமே கேட்காது. பயப்படாதீர்கள். பெற்றோர் இரையைத் தொண்டையிலிருந்து கக்கி ஊட்டும். கழுத்தின் பக்கத்தில் மெல்லிய தோலுக்குள் தினை மணிகள் வெள்ளையாகத் தெரிந்தால் வயிறு நிறைந்திருக்கிறது என்று பொருள். அதைத்தான் நான் தினமும் ஒருமுறை பார்ப்பேன். அதற்குமேல் சட்டிக்குள் கை போவதில்லை. ஒரு வாரத்தில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் கறுத்த அலகோடு வெளியே வரும். வந்துவிட்டதே என்று பிரித்துவிடாதீர்கள். முப்பத்தைந்து நாள்வரை தகப்பன்தான் பெரும்பாலும் ஊட்டும். குஞ்சு கழுத்தைக் கீழே திருப்பி, வாயை மேலே காட்டிக் கேட்கும் விதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆண் குஞ்சுகளைத் தகப்பன் பாட்டுக் கேட்கும் தூரத்திலேயே மூன்று மாதம்வரை வையுங்கள். அந்த வயதில்தான் அவை பாடக் கற்றுக்கொள்கின்றன. யாரிடம் கேட்டதோ அவர் மெட்டைத்தான் ஆயுள் முழுவதும் பாடும். என் முதல் ஆணின் பாட்டு இரண்டு குட்டைப் 'பீப்' ஓசையும், ஒரு கரகரப்பும், முடிவில் ஓர் இழுப்பும் கொண்டது. அது இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. அதன் பேரன் இன்று காலை, நான் தையல் இயந்திரத்தின் பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது, அதே இழுப்போடு பாடியது. பெட்டைக் குஞ்சுகளை மட்டும் பத்து வாரத்துக்குள் வேறு கூண்டுக்கு மாற்றிவிடுங்கள், உடன்பிறந்தவையே ஜோடி சேர்ந்துவிடும்.

இப்போது நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். ஆஸ்திரேலிய வறண்ட நிலத்தில் மழை பெய்து புல் விதை பிடிக்கும்போது ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சு பொரிக்கும். வறட்சி வந்தால் நிறுத்திக்கொள்ளும். நம் கூண்டில் வறட்சியே வருவதில்லை. கிண்ணத்தில் எந்நாளும் தினை, எந்நாளும் தண்ணீர், தலைக்குமேல் சட்டி. அது எப்போதும் மழைக்காலம் என்றே நினைக்கும். என் முதல் பெட்டை தை மாதம் முதல் ஈடு, அதாவது ஒரு அடைக்கான முட்டைகள், இட்டது. குஞ்சுகள் வெளியே வந்த வாரமே இரண்டாவது ஈடு. நான் மகிழ்ந்துபோனேன், சட்டியைத் தொடவில்லை. ஆடிக்குள் நான்கு ஈடு, மொத்தம் இருபத்தொரு முட்டை. அந்தப் பறவையின் மொத்த எடையே 12 முதல் 15 கிராம். தன் உடம்பைவிட அதிகமான எடையை ஏழு மாதத்தில் முட்டையாக வெளியே தந்துவிட்டது. ஐந்தாவது ஈட்டின் முதல் முட்டை வர வேண்டிய நாளில் கூண்டின் தரையில் சிலிர்த்து உட்கார்ந்திருந்தது. வால் ஏறி இறங்கியது. கையில் எடுத்தால் எதிர்க்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்து மாலைவரை விட்டுவிட்டேன். மருத்துவரிடம் கொண்டுபோவதற்குள் போய்விட்டது. முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டது என்று பிறகு தெரிந்தது.

இந்த அறிகுறிகளைக் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். சிறிய பெட்டியில் மென்துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் 40 வாட் குண்டு பல்பு சூடு படும்படி வைத்து, தண்ணீரில் பறவைகளுக்கான கால்சியம் மருந்தைக் கலந்து அலகருகே ஒரு சொட்டு வையுங்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் புறப்படுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் முடிந்தது.

அந்த மரணத்துக்குப் பிறகு என் கணக்கு இதுதான். ஆண்டுக்கு இரண்டு ஈடு, மிஞ்சினால் மூன்று. ஐப்பசி மழை தொடங்கியதும் சட்டி கட்டுவேன். இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் தாமாகத் தின்னத் தொடங்கிய அன்று சட்டியைக் கழற்றிக் கழுவி, பரணில் கவிழ்த்துவிடுவேன். மாசிக்குப் பிறகு சட்டி கிடையாது. சட்டி இல்லாவிட்டாலும் சில பெட்டைகள் தீனிக் கிண்ணத்திலேயே முட்டையிடும். அப்போது கிண்ணத்தைச் சின்னதாக மாற்றி, முட்டை உணவையும் முளைகட்டிய தினையையும் நிறுத்தி, பத்து நாளாவது ஆணைப் பக்கத்துக் கூண்டில் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். பிரித்துவையுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஓய்வு கொடுப்பதற்கு வெயிலும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார்கள்: வெப்பம் 26 டிகிரியைத் தாண்டினால், பொரிப்பதற்கு முந்தைய சில நாட்களில் இந்தப் பறவை முட்டையைப் பார்த்து ஒரு தனிக் குரல் கொடுக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த குஞ்சுகள் வெப்பத்தில் சின்ன உடம்போடு வளர்கின்றன. வெயிலுக்கு இவ்வளவு தயாரான பறவைதான். ஆனால் காட்டில் அது நிழல் தேடிப் பறக்கும். கூண்டில் நாம் வைத்த இடமே கதி. வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் வெப்பம் தாங்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். நனைத்த சாக்கைக் கூண்டின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டு, குளியல் தட்டை இரண்டு வேளையும் நிரப்புங்கள்.

புகை பற்றி நம் வீடுகளுக்கென்று ஒரு சொல். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் எதுவும் பறவை இருக்கும் அறையில் வேண்டாம். புகை அதன் நுரையீரலை நம்முடையதைவிட எளிதில் பாதிக்கும். கொசுவுக்குக் கூண்டின்மேல் கொசுவலை போர்த்துங்கள். ஒட்டாத தோசைக்கல் அடுப்பில் காய்ந்து தீய்ந்தால் வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். ஆகவே சமையலறையை ஒட்டிக் கூண்டு கூடாது. தீபாவளி இரவில் கூண்டைத் துணியால் மூடி, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியவிடுங்கள். இருட்டில் வெடிச்சத்தம் கேட்டால் பறந்து கம்பியில் மோதி விழும்.

குஞ்சுகள் பெருகிய பிறகு என்ன செய்வது என்பதைச் சட்டி கட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். 'சுதந்திரமாகப் பறக்கட்டும்' என்று திறந்துவிடுவது கொலைக்குச் சமம். இரை தேடத் தெரியாது, காகத்தைத் தெரியாது. நான் கேட்பவர்களுக்குத்தான் கொடுப்பேன், தனியாக ஒன்று கொடுப்பதில்லை, கூண்டைப் பார்க்காமல் கொடுப்பதில்லை. போகும்போது இங்கே தின்ற அதே தினையில் அரைக்கிலோ ஒரு மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே கிண்ணத்தை எடுத்து ஒருமுறை ஊதிக் காட்டச் சொல்வேன்.